ஹாஷுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

சின்னக் கருவி ஒன்றுக்கு ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்தோம். ரேண்டம் எண் தருவதற்கென்று அதன் சிப்பில் தனிப் பகுதி எதுவும் கிடையாது. ஆனால் முதல்முறை பவர் வந்ததுமே தனக்கான ரகசியச் சாவியை அது உருவாக்கியாக வேண்டும். டிஸ்க் இல்லை, கீபோர்டு இல்லை. அந்த முதல் சில விநாடிகளில் எல்லாக் கருவிகளும் அச்சு அசல் ஒரே நிலையில்தான் இருக்கும்; ஒரே மாதிரிச் சாவிகள் பிறந்துவிடலாம். இது வெறும் பயமல்ல. 2012இல் இணையத்திலுள்ள சாவிகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், ரௌட்டர் போன்ற கருவிகளின் வெவ்வேறு ஆர்எஸ்ஏ சாவிகளுக்குள் (இரண்டு ரகசியப் பகா எண்களைப் பெருக்கி உருவாக்குபவை) ஒரே பகா எண் இருப்பதைக் கண்டார்கள். இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் போதும், இரண்டு சாவியும் உடைந்துவிடும்.

குழுவில் ஒரு நண்பர் எளிய வழி சொன்னார். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி ஏடிசி; எதனோடும் இணைக்காத அதன் பின்னைப் (சிப்பின் காலை) படித்து, கடைசி பிட்டுகளைச் சேர்த்து ஷா-256இல் போட்டார். எதைக் கொடுத்தாலும் கலக்கி, ரேண்டம் போலத் தோன்றும் எண்ணாக்கித் தரும் ஹாஷ் முறை அது. ரேண்டம்தானா என்று பார்க்கும் சோதனை மென்பொருளில் எல்லாமே பாஸ். அது எனக்குத் திருப்தி தரவில்லை. 1, 2, 3 என்று எண்ணும் கவுன்ட்டரை ஷா-256இல் போட்டாலும் அதே பாஸ்தானே வரும்?

சரி, ஹாஷ் செய்யாத அளவீடுகளை அப்படியே வரைந்து பார்ப்போம் என்றேன். திரையில் அழகான அலை! அந்தப் பின் ஆண்டெனாவாகி, சுற்றியிருந்த மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓட்டி, உலோகப் பெட்டிக்குள் வைத்தோம். அலை போய்விட்டது, அப்புறம் 512, 512, 512, 513, 512 என்றே ஓடியது.

கணிதவியலாளர் வான் நியூமனின் 1951ஆம் ஆண்டு உத்தியும் பேச்சில் வந்தது: பிட்டுகளை ஜோடியாக எடு, 01 என்றால் 0, 10 என்றால் 1, மற்ற இரண்டையும் தூக்கிப் போடு. 0, 1 இரண்டில் ஒன்று அதிகமாக வரும் சாய்வை அது சரிசெய்யும். ஆனால் பிட்டுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். அலைமேல் சவாரி செய்யும் பிட்டுகளிடம் அது பலிக்காது.

கடைசியில் ரிவர்ஸ் பயாஸில் (மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுத்து) வைத்த டிரான்சிஸ்டர் சந்தியின் அவலாஞ்ச் இரைச்சலை, அதாவது அங்கே எலக்ட்ரான்கள் சரிவுபோலப் பெருகும்போது எழும் ஒழுங்கற்ற மின் இரைச்சலைப் பெருக்கி எடுத்தோம். ஹாஷுக்கு முன்பே, ஒரே மதிப்பு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வந்தால் சாவி உருவாக்குவதையே நிறுத்தும் சோதனையையும் வைத்தோம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2018இல் வெளியிட்ட 800-90பி ஆவணம் கேட்பதும் அதைத்தான். “கருவி கிளம்பாமல் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது?” என்று தயாரிப்புப் பிரிவில் முணுமுணுத்தார்கள். அவர்கள் கவலையும் நியாயம்தான்.

பிறகு ஒரு தொகுதியில் சில போர்டுகள் நிஜமாகவே நின்றன. இரைச்சலைப் பெருக்கும் பெருக்கியின் ஒரு காலில் சால்டர் (பற்றவைப்பு) பிடிக்கவில்லை. அதே போர்டுகளில் ஹாஷின் வெளியீட்டை மட்டும் சோதித்திருந்தால், அத்தனையும் பாஸ் ஆகியிருக்கும்.