‘காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது?

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுப் படிவம் அது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். ‘இயலாமைக்கான காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. அப்பா திண்ணையில் இருந்து மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா எழுத?”

“விபத்து எண்டு எழுது புள்ள.”

எழுதினேன். அந்த ஒரு சொல்லால் எங்களுக்கு நாலு மாதம் வீணாய்ப் போனது.

எங்கள் ஊர் படுவான்கரையில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். அப்பா பதினேழு வயதில் புலிகள் இயக்கத்துக்குப் போனவர். 1997 மே மாதம் வன்னியில் ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கிழக்கிலிருந்து போன பிள்ளைகளில் அவரும் ஒருவர். அடுத்த வருடம் மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. 2002 சமாதானத்தோடு கிழக்குக்குத் திரும்பினார். 2004 இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஏப்ரலில் கிழக்குப் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொன்னபோது, பொய்க்காலோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தார். அம்மாவைக் கட்டினார், நான் பிறந்தேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவும் அம்மா சொல்லித்தான் தெரியும், அப்பா வாய் திறந்ததில்லை.

போருக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. படையினருக்கு 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. காயப்பட்ட இராணுவத்தினரைப் பார்ப்பதற்கென்று ராகமையில் தனி நிலையம் இருக்கிறது. 2009 இல் சரணடைந்தவர்களில் சுமார் 12,000 பேரைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்திருந்து, முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கடுதாசி அவர்களுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்பது வேறு கதை. ஆனாலும் அது ஒரு கடுதாசி. 2004 இல் வீட்டுக்கு வந்தவர்களின் கையில் அதுவும் இல்லை. யார் கொடுப்பது? அனுப்பியவர்களே இரண்டு பக்கமாக நின்றார்கள்.

ஆகவே எங்கள் வீட்டில் அப்பா ‘முன்னாள்’ எதுவும் இல்லை. வட்டையில் (வயல்வெளியில்) காவலுக்குப் போகிறவர், ஒரு கால் இல்லாதவர், அவ்வளவுதான்.

சரி, படிவத்துக்கு வருவோம். நாலு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்கள்: விபத்து தொடர்பான பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலை அனுமதிப் பதிவு ஆகியவற்றை இணைக்கவும். 1998 இல் வன்னிக் காட்டுக்குள் நடந்ததற்கு எந்தப் பொலிஸில் முறைப்பாடு எடுப்பது? அப்பா அதை வாங்கிப் பார்த்தார், மடித்தார், கூரைக்குள் செருகிவிட்டார். அவர் கணக்கில் விஷயம் முடிந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை வருகிறது என்று விதானையார் (கிராம உத்தியோகத்தர்) சொன்னதும் அந்தக் கடுதாசியைத் திரும்ப இழுத்தெடுத்தேன். நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வீட்டிலிருந்து போவதென்றால் மண்டூரில் பாதை ஏறிக் குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். (பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெரு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை.) ஒவ்வொரு கந்தோருக்கும் தனித்தனியாக அலைந்தால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், எனக்கு ஒரு நாள் விரிவுரை போகும். நடமாடும் சேவையில் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி, சட்ட உதவி, இழப்பீடு, சமூக சேவை என்று மேசை மேசையாக.

மாமியும் எங்களோடு வந்தார். அப்பாவின் அக்கா. சொப்பிங் பேக் ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மச்சானின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள். மச்சான் வன்னியில் இருந்தவர். 2009 க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மண்டபத்தில் எங்கள் முதல் பிழை, வரிசை குறைவாக இருந்த மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர் அப்பாவின் காலைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், தானாகவே விளங்கிக்கொண்டார். “புனர்வாழ்வுச் சான்றிதழ் கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் திரும்பி நடக்கத் தொடங்கினார். பொய்க்காலின் பாதம் தேய்ந்து வெடித்திருந்ததால் சீமெந்துத் தரையில் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் போனது.

“விடு புள்ள, வா போவம். எழுதிக் குடுத்தா நாளைக்கு ஆராவது மோட்டார் சைக்கிள்ல வந்து விசாரிப்பான்.”

அவரை வாசலில் ஒரு வாங்கில் இருத்தி, ஒரு பிளேன்டியும் பணிஸும் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் சமூக சேவை மேசைக்குப் போனேன். அங்கே இருந்த மிஸ் படிவத்தைப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“ஏன் தங்கச்சி விபத்து எண்டு எழுதினீங்க?”

நான் பேசாமல் நின்றேன்.

“இதில எதால கால் போனது எண்டுதான் கேக்குது. எதில இருந்தவர் எண்டு கேக்கல்லையே.”

புதுப் படிவம் ஒன்றை எடுத்து, ‘மிதிவெடியில் அகப்பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழ் இழப்பு, 1998’ என்று எழுதச் சொன்னார். பழைய ஆசுபத்திரித் துண்டு தேவையில்லை, இப்போதுள்ள நிலையை அரச வைத்தியர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அதே மண்டபத்தின் கடைசி அறையில் வைத்தியரும் இருந்தார். அப்பாவை மறுபடியும் உள்ளே கூட்டி வந்தேன். பத்து நிமிட வேலை.

பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தப் படிவத்தை எடுத்துவிட்டு இந்த இடத்தில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். சிலர் ‘விபத்து’ என்று எழுதி எங்களைப் போல மாட்டுகிறார்கள். சிலர் முழு வரலாற்றையும் எழுதிப் பயந்து கிழித்துவிடுகிறார்கள். அதிகம் பேர் எழுதுவதே இல்லை.

கொண்டுபோக வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் போட்டோக் கொப்பி, மூன்று செற். விதானையாரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு. மேலொப்பம் இல்லாமல் போனால் அன்றைக்கு முழுவதும் அதற்கே சரி. விண்ணப்பதாரரின் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகம். பெயரின் எழுத்துக்கள் எல்லாக் கடுதாசியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி. ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க இன்னொரு நாள் போனது.

மாமியின் வேலை அப்பாவுடையதை விடச் சீக்கிரம் முடிந்தது, ஆனால் அங்கே நின்று பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி, காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். எடுங்கள் எடுங்கள் என்று மாமியிடம் பல வருடமாகப் பல பேர் சொன்னார்கள். மச்சானின் பெயரில் ஒரு சின்னக் காணித்துண்டும் வங்கியில் கொஞ்சக் காசும் கிடக்கிறது. மாமி அசையவில்லை. 2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி ‘காணப்படாமைச் சான்றிதழ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது, காணவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்துக்கொண்டு குடும்பத்தார் காணி, வங்கி அலுவல்களைப் பார்க்கலாம்.

உத்தியோகத்தர் விளக்கி முடிக்கும் வரைக்கும் மாமி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “செத்தவன் எண்டு ஒரு இடத்திலயும் எழுதல்லத்தானே மனே? அப்ப தா, கையெழுத்து வைக்கிறன்.”

எழுதுமட்டையைப் பிடித்து, எழுத்தெழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். மட்டக்களப்பில் உள்ள காணாமற்போனோர் அலுவலகத்தின் கிளையிலும் மச்சானின் பெயரைப் பதிந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் மாமி பேசவேயில்லை. மச்சானின் படத்தை எங்கேயாவது விட்டுவிட்டோமோ என்று மூன்று முறை சொப்பிங் பேக்கைத் திறந்து பார்த்தார்.

கொடுப்பனவு உடனே வரவில்லை. காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதில் பெயர் ஏறிய பிறகும் காத்திருக்க வேண்டும். அப்பாவின் பெயருக்குப் பணம் வரத் தொடங்கியபோது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டியபடி மாதம் 10,000 ரூபாய். முதல் மாதம் வங்கியிலிருந்து வந்தவர் அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு வட்டைக்குப் போய்விட்டார்.

அந்தச் சமூக சேவை மிஸ் எங்களை மறக்கவில்லை. அம்பாறையில் இலவசமாகச் செயற்கைக்கால் பொருத்துகிறார்கள், அப்பாவின் பெயரைப் போடவா என்று ஒரு நாள் அழைப்பெடுத்தார். அப்பாவின் கால் அப்போது பார்க்கச் சகிக்காது. வெட்டுப்பட்ட முனை வருடம் போகப் போகச் சுருங்கும். அது உட்காருகிற பொய்க்காலின் கிண்ணம் பெரிதாகிவிடும், கால் உள்ளே ஆடும், ஆடினால் தோல் உரியும். அதற்கு அப்பாவின் வைத்தியம், மூன்று சொக்ஸ் போட்டு அதன்மேல் பழைய சாரத்துண்டைச் சுற்றுவது. மாரி வேளாண்மைக் காலத்தில் சேறு உள்ளே போய் நாறும்.

மத்தியமுகாம் வழியாகப் போனோம். மண்டபத்தில் தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லாரும் கலந்துதான் இருந்தார்கள். அதிகம் பேர் சலரோகத்தால் காலை இழந்தவர்கள், அது எனக்குப் புதுச் செய்தி. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் உகணைப் பக்கத்துச் சிங்கள ஆள், அப்பாவின் வயதுதான் இருக்கும். ராகமைக்குப் போய் வர இரண்டு நாள் போகிறது, இங்கேயே திருத்த முடியுமா என்று பார்க்க வந்தேன் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். ராகமை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்கும் விளங்கியிருக்கும்.

இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கே, எப்போது என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று நினைத்தேன். இருவருமே கேட்கவில்லை. அந்த ஆள் தன்னுடைய காலைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை அப்படியும் இப்படியும் திருப்பி, வாரைச் சுண்டி, அடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொக்ஸைப் பற்றிக் கதைத்தார்கள். பருத்திதான் நல்லது, நைலோன் கடிக்கும். இல்லாத பெருவிரல் மழைக்கு முதல் நாள் கடிக்குமாம், அந்த ஆளுக்குச் சின்னவிரலாம். இருவரும் சிரித்தார்கள். இருபது வருடத்தில் அப்பா தன் காலைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அளவு எடுக்கிற தம்பி கால் முனையில் ஈரத்துணி உறை ஒன்றை ஏற்றி, எலும்பு தள்ளுகிற இடங்களில் ஊதாப் பென்சிலால் புள்ளி வைத்தார். அதற்கு மேல் மாச்சுண்ணாம்பு (பிளாஸ்டர்) துணிச்சுருளை நனைத்துச் சுற்றினார். அது இறுகும் வரைக்கும் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பெருவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்பின் பாரத்தை அதிகமாக அந்த இடத்தில்தான் தாங்க வேண்டுமாம், நுனியில் இல்லை. கழற்றியதும் உள்ளே அப்பாவின் கால் அச்சும் ஊதாப் புள்ளிகளும் அப்படியே பதிந்திருந்தன. அதில் சாந்து ஊற்றி அச்சு எடுத்து, அதன்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தித்தான் கிண்ணம் செய்வார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அவன்ட கால் நல்ல கால் புள்ள. ராகமையில செய்த கால்.”

மூன்று கிழமையில் புதுக்கால் வந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, சாய்வைப் பார்த்து, திருகிச் சரிசெய்து கொடுத்தார்கள். ஒரே ஒரு சொக்ஸ் போதும். பாதம் விரல்களோடு இருந்தது, நிறம் மட்டும் அப்பாவை விட ரெண்டு மடங்கு வெள்ளை.

பழைய காலை எறிவோம் என்றேன், விடவில்லை. அது இப்போது வட்டை வாடியில் கொழுவியிருக்கிறது, சேற்று வேலைக்கு அதுதான். புதுக்காலைப் போட்டுக்கொண்டு ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்குப் போனார். கோயில் வாசலில் குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார்.