இலாப நோக்கமற்ற ஆவணப்பட நிறுவனத்தைப் பதிவுசெய்த அனுபவம்

சமூகப் பிரச்சினைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எங்கள் சிறு குழு, எந்தப் பெயரிலும் பதிவாகாமலேயே பல ஆண்டுகள் இயங்கிவந்தது. நண்பர்கள் தரும் பணம் குழுவில் ஒருவரது வங்கிக் கணக்குக்கு வரும். கேமரா வாடகையும் பயணச் செலவும் அதிலிருந்தே போகும். மீதி ஏதேனும் இருந்தால் அடுத்த படத்துக்கு நிற்கும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படத்துக்குச் சற்றுப் பெரிய தொகை தேவைப்பட்டபோது, இந்த ஏற்பாடு இனித் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. பணம் தர முன்வந்தவர்கள் முறையான ரசீது கேட்டார்கள். கணக்கு வைத்திருந்த நண்பரோ, தனக்குச் சொந்தமில்லாத பணத்துக்குத் தானே வரித்துறையிடம் விளக்கம் சொல்ல நேருமே என்று தயங்கினார். ஆகவே முறைப்படி பதிவுசெய்துகொள்வது என்று முடிவாயிற்று. படிவங்களை நிரப்புவது இதில் கடினமான வேலையே அல்ல. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் எங்களுக்குள் நாங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தவைதான் காலத்தை எடுத்துக்கொண்டன.

முதலில், எந்த வடிவம் என்ற கேள்வி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து அறக்கட்டளை தொடங்கலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கம் தொடங்கலாம். அல்லது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 8-இன்படி இலாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதியலாம். அறக்கட்டளைதான் எளிது, செலவும் குறைவு. இருந்தும் நாங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம் என்பதும், கணக்குகள் நிறுவனங்களின் பதிவாளரிடம் தாக்கலாகி எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கும் என்பதும் பலருக்குச் சுமையாகத் தோன்றலாம். பிறரது கணக்கு வழக்குகளைக் கேள்வி கேட்டுப் படம் எடுப்பவர்களுக்கு அந்தச் சுமை தேவை என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது நோக்கங்களை எழுதும் பகுதி. அமைப்பு ஆவணத்தில் வரும் அந்தச் சில வரிகள்தாம் பின்னால் வரும் எல்லா அலுவலகங்களிலும் எடுத்துப் படிக்கப்படுகின்றன. எங்கள் முதல் வரைவில் 'மக்களுக்குக் கல்வி அளித்தல்' என்றே தொடங்கியிருந்தோம். ஆவணப்படம் என்றால் அது ஒருவகைக் கல்விதானே என்பது எங்கள் எண்ணம். அதைப் படித்த ஆடிட்டர், 1975-இல் உச்ச நீதிமன்றம் லோக சிக்ஷண அறக்கட்டளை வழக்கில் அளித்த தீர்ப்பை எடுத்துக்காட்டினார். கன்னடத்தில் நாளிதழும் பிற இதழ்களும் வெளியிட்டுவந்த அந்த அறக்கட்டளை, தனது பணி கல்விப் பணி என்று வாதிட்டது. வருமான வரிச் சட்டம் சொல்லும் கல்வி என்பது முறையாகக் கற்பித்துப் பயிற்றுவிப்பதே, அறிவு பெருகும் வழிகள் யாவும் அதில் அடங்கா என்று நீதிமன்றம் கூறிவிட்டது. நாளிதழுக்குப் பொருந்திய வாதம் ஆவணப்படத்துக்கும் பொருந்தும். எனவே எங்கள் பணி, அந்தச் சட்டம் அறப்பணியாக ஏற்கும் வகைகளில் 'பொதுப் பயன்பாட்டுக்கான பிற நோக்கம்' என்பதில்தான் வரும் என்று ஏற்றுக்கொண்டு, நோக்கங்களைத் திருத்தி எழுதினோம்.

இந்த வகையில் வந்தால் ஒரு கட்டுப்பாடும் கூடவே வருகிறது. வணிகத் தன்மையுள்ள செயல்களிலிருந்து வரும் வருவாய், அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கல்லூரிகள் தரும் திரையிடல் கட்டணம், தொலைக்காட்சிக்கு உரிமம் கொடுத்துப் பெறும் தொகை, பிற அமைப்புகளுக்காகக் கூலிக்கு எடுத்துத் தரும் படங்கள் ஆகியவை இந்தக் கணக்கில் வந்துவிடக்கூடும். கையில் பணம் இல்லாத மாதங்களில் தொண்டு நிறுவனங்களுக்குச் சிறு படங்கள் எடுத்துக் கொடுத்துத்தான் நாங்கள் பிழைத்திருந்தோம். அந்த வேலைகளை இனி நிறுவனத்தின் பெயரில் செய்வதில்லை, தனித்தனியே அவரவர் பெயரில் செய்துகொள்வது என்று தீர்மானித்தோம். கிராமங்களில் நடக்கும் திரையிடல்களுக்கு முன்பும் கட்டணம் வாங்கியதில்லை, அதில் மாற்றமில்லை.

எங்களை மிகவும் சோதித்தது ஊதியமும் உரிமையும் பற்றிய பேச்சு. பிரிவு 8 நிறுவனத்தில் இலாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உறுப்பினர்களுக்கு ஊதியம் தருவதற்கும் அதன் அமைப்பு ஆவணத்தில் கட்டுப்பாடு இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறுப்பினர் என்ற முறையில் எதுவும் தரக்கூடாது. உண்மையாகவே செய்து முடித்த தனிப்பட்ட சேவைக்கு, நியாயமான அளவில் மட்டும் தரலாம். வருமான வரிச் சட்டமும் நிறுவனர்களுக்கும் அவர்களது உறவினர்களுக்கும் அளவுக்கு மீறிய பலன் போகிறதா என்று தனியே பார்க்கிறது. ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் உறுப்பினராகாமல் வெளியே நின்றுகொண்டதால் அவர்களுக்கு ஊதியம் தருவது எளிதாயிற்று. படத்தின் இயக்குநர் நிறுவனத்தின் உறுப்பினராகவும் இருந்தார். அவரது ஊதியத்தைப் பற்றிப் பேசும்போது அவரை வெளியே இருக்கச் சொல்லி, அதே அளவு வேலைக்கு வெளியில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, அந்த விவரத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். நட்பின் பேரில் இத்தனை காலம் ஓடிய குழுவுக்கு அது சங்கடமான மாலைப்பொழுது. ஆயினும் அந்தக் குறிப்புதான் பின்னால் வரித்துறையின் கேள்விக்கு நேரடி விடையாக அமைந்தது.

உரிமை இன்னும் ஆழமான விஷயம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்துக்கு ஆசிரியர் என்று கருதப்படுபவர் அதன் தயாரிப்பாளர், இயக்குநர் அல்லர். நிறுவனம் தயாரித்தால் படம் நிறுவனத்துக்கே சொந்தம். நிறுவனத்தைக் கலைக்க நேர்ந்தால், கடன்போக மிஞ்சும் சொத்துகளை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. அதே போன்ற நோக்கமுடைய வேறொரு பிரிவு 8 நிறுவனத்துக்கு அவை போகும், அல்லது விற்கப்பட்டு அந்தத் தொகை திவால் சட்டத்தின் கீழ் அமைந்த நிதியில் சேரும். சொத்து என்றால் கேமராவும் கணினியும் மட்டுமல்ல, படங்களும் படத்தில் சேராத காட்சிப்பதிவுகளும் அதில் அடக்கம். வெயிலில் கண் கூச, வெடித்த பாதத்துடன் உப்பு வாரும் ஒரு பெண் எங்களை நம்பிச் சொன்ன சொற்கள் முன்பின் அறியாத ஓர் அமைப்பின் அலமாரிக்குப் போய்ச் சேரலாம் என்பதை ஏற்க முடியவில்லை. பதிவுக்கு முன் எடுத்த படங்களின் உரிமையை எடுத்தவர்களிடமே விட்டுவிட்டு, திரையிடும் அனுமதியை மட்டும் நிறுவனத்துக்கு எழுதி வாங்கினோம். புதிய படங்களில் பேசுபவர்களோடு தமிழில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறோம்: இறுதித் தொகுப்புக்கு முன் தமது பேச்சை அவர்கள் விலக்கிக்கொள்ளலாம், படத்தில் சேராத பதிவை வேறு எவருக்கும் கொடுப்பதற்கு அவர்களது சம்மதம் வேண்டும். இயக்குநருக்குத் தன் படத்தைக் கட்டணமின்றி எங்கும் திரையிட்டுக்கொள்ள நிரந்தர அனுமதியும் எழுத்தில் கொடுத்தோம்.

இவ்வளவும் முடிந்த பிறகு பதிவு நடைமுறை சுருக்கமாகவே முடிந்தது. நிறுவனத்தை நடத்தும் இயக்குநர் குழுவினருக்கு டிஜிட்டல் கையொப்பம், பெயர் ஒப்புதல், பிறகு ஸ்பைஸ் பிளஸ் என்னும் ஒருங்கிணைந்த இணையப் படிவம். பெயரில் ஃபவுண்டேஷன், ஃபோரம், அசோசியேஷன் போன்ற சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பதால், நாங்கள் ஆசையாக வைத்திருந்த பெயரின் வாலில் ஒன்றை ஒட்டிக்கொண்டோம்.

வரிவிலக்குக்கான 12ஏ பதிவும் நன்கொடையாளர்கள் வரிக்கழிவு பெறுவதற்கான 80ஜி ஒப்புதலும் முதலில் தற்காலிகமாக மூன்றாண்டுகளுக்குக் கிடைக்கின்றன. அப்போது பெரிய விசாரணை எதுவும் இல்லை. அதை முறையான பதிவாக மாற்றக் கேட்கும்போதுதான் எடுத்த படங்களின் விவரம், திரையிட்ட ஊர்கள், வரவு செலவு என ஒவ்வொன்றையும் கேட்கிறார்கள். திரையிடல் நடந்த ஊராட்சிகளிலும் பள்ளிகளிலும் உடனுக்குடன் கடிதம் வாங்கிவைத்திருந்தது அப்போது உதவியது. நாங்கள் விண்ணப்பித்தது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால், இனி விண்ணப்பிப்பவர்கள் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. 80ஜி இருந்துவிட்டால் பணம் கொட்டும் என்று எண்ணவும் வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பெரும்பாலான கழிவுகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் 'புதிய வரி முறை'யில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. எங்களுக்குப் பணம் தரும் மாதச் சம்பளக்காரர்களில் பலர் அந்த முறைக்கு மாறிவிட்டார்கள். ரசீதுக்காகவே தொடங்கிய முயற்சியில் ரசீதின் மதிப்பு பாதியிலேயே குறைந்துபோனது சற்று வேடிக்கைதான்.

படத்துக்கான திரைப்படத் தணிக்கைச் சான்றுக்கு நிறுவனத்தின் பெயரிலேயே விண்ணப்பித்தோம். 72 நிமிடத்துக்குக் குறைவான படங்கள் குறும்பட வகையில் வருவதால் கட்டணமும் படத்தைப் பார்த்துச் சான்றளிக்கும் குழுவினரின் எண்ணிக்கையும் குறைவு. படத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். தூத்துக்குடிப் பேச்சை அப்படியே எழுதியெடுத்த வேலை பின்னர் துணைத்தலைப்புகளுக்கும் பயன்பட்டது.

வெளிநாட்டு நிதிக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. அதற்கான தனிப் பதிவுக்கு மூன்றாண்டுச் செயல்பாடு வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் மின்னணு வழியில் செய்திகளையோ நடப்பு நிகழ்வு நிகழ்ச்சிகளையோ தயாரிக்கும் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணம் பெறுவதையே தடுக்கிறது. உப்பளக் கூலியைப் பற்றிய ஆவணப்படம் நடப்பு நிகழ்வா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்க எங்களுக்கு ஆள்பலம் இல்லை. ஆனால் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நண்பர்கள் உதவ விரும்பினார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எங்கு வாழ்ந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகிவிடும். ஆகவே எங்கள் நன்கொடைப் படிவத்தில் குடியுரிமையைக் கேட்கும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறோம். அது நிரப்பப்பட்டு, கடவுச்சீட்டின் நகலும் வந்து சேர்ந்த பிறகே வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புகிறோம்.