மைனர் வந்து இறங்கிய கதை

"சின்னச் சின்ன வேலை பாக்கி. ஒரே மாதத்தில் ரோட்டில் ஓடும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. 1959ஆம் வருடத்து மோரிஸ் மைனர். விலையைப் பார்த்தேன். ஒரு சைபர் விட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகமாக இருந்தது. போன் போட்டுக் கேட்டேன்.

"அதேதான் சார். இடத்தை அடைக்குது, அதான் தள்ளிவிடறேன்" என்றார்.

ஒரு மனிதர் தன் காரைப் பற்றி "இடத்தை அடைக்குது" என்று சொல்லும்போதே எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். சாயங்காலமே வருவதாகச் சொல்லிவிட்டேன்.

துணைக்கு மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த விஷயமானாலும் படித்துக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிற பிள்ளை. போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தம் ஒன்றை எடுத்து, பெயிண்டில் கீறல் விழாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எதுக்குடா அது?"

"பாடியில வெச்சுப் பார்க்கணும் மாமா. தகரம் இருந்தா ஒட்டும். துரு தின்ன இடத்தில் பட்டி வெச்சு மெழுகியிருந்தா ஒட்டாது, விழுந்துடும்."

வண்டி ஒரு கொட்டகைக்குள், தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. பாயை விலக்கியதும் ஒரு முகம் தெரிந்தது. மோரிஸ் மைனரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முன்பக்கம் என்று சொல்ல மனசு வராது, முகம் என்றுதான் சொல்ல வேண்டும். உருண்டைக் கண்கள், உப்பிய கன்னங்கள், திட்டு வாங்கிவிட்டு வந்து நிற்கிற குழந்தை மாதிரி. நான் அங்கேயே பாதி விழுந்துவிட்டேன். மீதியை விழவைத்தது சொந்தக்காரர் காட்டிய வித்தை.

அவர் எங்கிருந்தோ ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, உள்ளே ஒரு சுவிட்சைத் தட்டினார். முன் கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சின்னக் கை வெளியே நீண்டது. அதற்குள் மஞ்சளாக ஒரு விளக்கு. அந்தக் காலத்து இண்டிகேட்டர். விட்டு விட்டு மினுக்குகிற விளக்கு இதில் 1961இல்தான் வந்தது. அதுவரை திரும்ப வேண்டுமென்றால் வண்டியே கையை நீட்டிச் சொல்லும். மரியாதைப்பட்ட வண்டி.

"இன்னொரு தரம் போடுங்க" என்றேன். போட்டார். டக். மடக்கினார். மறுபடி, டக்.

அதே நேரத்தில் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. "டொக்." கொஞ்ச நேரம் கழித்து, "டொக்." காந்தம் தரையில் விழுகிற சத்தம்.

"மாமா..."

"இருடா."

டக். டொக். டக். டொக். அன்றைக்கு நான் முதல் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மச்சினன் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. கடைசியில், "கூரையில் நல்லா ஒட்டுச்சு மாமா" என்றான். ஆறுதலுக்குச் சொல்கிறானாம்.

வண்டி இழுவை லாரியில் வந்து இறங்கியது. என் மனைவி வாசலில் நின்று தலைமுதல் கால்வரை பார்த்தாள். வண்டியை அல்ல, என்னை.

"இது பேரு என்ன சொன்னீங்க?"

"மோரிஸ் மைனர்."

"மைனரா? பேருக்கேத்த மாதிரிதான் இருக்கு. வேலை வெட்டி கிடையாது, பகட்டுக்குக் குறைச்சல் இல்லை, இனிமே செலவெல்லாம் நம்ம தலையில."

அன்றிலிருந்து வீட்டில் அதற்கு மைனர் என்றே பெயர். "மைனருக்கு இந்த மாசம் எவ்வளவு?" என்பது எங்கள் குடும்பக் கணக்கில் ஒரு நிரந்தரக் கேள்வி.

அவளைக் குளிரவைக்க நான் வரலாற்றைக் கையில் எடுத்தேன். வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பின்னால் 1959இல் மினியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1948இல் வந்த கார், 10 லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். தயாரிப்புக்குப் போகப்போகிற கடைசி நேரத்தில் அவருக்கு வண்டி ஒல்லியாக இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கியிருக்கிறார். அதற்குள் பம்பர்களைச் செய்துமுடித்துவிட்டார்களாம். அதனால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டுத்தான் ஆரம்ப வண்டிகள் வெளியே வந்தன. பானெட்டின் நடுவில் மேடாக ஒரு பட்டை ஓடும், அது அந்த 4 அங்குலத்தின் அடையாளம்.

"ஆக, பிறக்கும்போதே ஒட்டுப்போட்டதுதான்" என்றாள்.

கம்பெனி முதலாளியான நஃபீல்ட் பிரபுவே இதை முதலில் பார்த்துவிட்டு, தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்ததாகச் சொல்வார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே எதிர்க்கட்சி பலமாக இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை. புது ஸ்பானர் செட், புதுக் கையுறை, அரை டஜன் பிளாஸ்டிக் டப்பாக்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுவதாகத் திட்டம். (பேனாவால் எழுதினேன். எண்ணெய்க் கை பட்டு ஒரே வாரத்தில் எல்லாப் பெயரும் அழிந்தது. இன்றைக்கும் ஒரு டப்பா நிறைய நட்டுகள் எந்த ஊர், என்ன உறவு என்று தெரியாமல் கிடக்கின்றன.) 13ஆம் நம்பர் ஸ்பானர் போல்ட்டில் உட்கார்ந்தது. கொஞ்சம் லொடலொடவென்று இருந்தாலும் உட்கார்ந்தது. பலம் கொண்டமட்டும் திருப்பினேன். ஸ்பானர் மட்டும் சுற்றியது. போல்ட்டின் ஆறு மூலைகளும் மழுங்கி, கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வண்டியில் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். என் 13ஆம் நம்பருக்கும் அதற்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த இடைவெளியில் நான் 5 போல்ட்டுகளைப் பலி கொடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்புறம் அங்குல ஸ்பானர் செட் ஒன்று வாங்கினேன். மைனர் கணக்கில் எழுதிக்கொள்ளப்பட்டது.

அடுத்தது பேட்டரி. புதிதாக வாங்கிவந்து, உலகத்தில் எல்லா காரிலும் செய்வது போல மைனஸை பாடியில் கொடுத்து எர்த் செய்து, பிளஸை மற்ற ஒயரில் மாட்டினேன். விளக்கு எரிந்தது. ஹாரன் அடித்தது. சின்னக் கைகூட டக் என்று நீண்டது. பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்து, செல்ஃப் குமிழை இழுத்தேன் (இதில் சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது, குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும்). நாலைந்து இருமல் இருமிவிட்டு என்ஜின் பிடித்தே விட்டது! வீட்டுக்குள் பார்த்துக் கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். பெருமையில் ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தினேன். பானெட்டுக்குள்ளிருந்து புகை.

ரப்பர் கருகும் நாற்றத்தோடு பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம் ஓடினேன். பட்டறையை மூடிவிட்டு ஓய்வில் இருப்பவர். வந்தார், பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார், ஒரு நிமிஷம் தோள் குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இது பாசிட்டிவ் எர்த் வண்டி. பிளஸ்தான் பாடியில போகணும்."

"லைட்டெல்லாம் எரிஞ்சதே அண்ணே?"

"பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் வந்தா என்ன? டைனமோவுக்குத் தெரியுமில்ல. அது ஒரு பக்கம் தள்ள, பேட்டரி இன்னொரு பக்கம் தள்ள, நடுவுல ரெண்டையும் சேர்த்துப் பிரிக்கிற கட்அவுட் சுவிட்ச் எரிஞ்சுபோச்சு."

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இப்படித்தானாம். துரு அரிப்பு குறையும் என்று அப்படி வைத்ததாக ஒரு காரணம் சொல்கிறார்கள். என் வண்டியைப் பார்த்த யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

ஏனென்றால் அதற்கு மறுவாரம்தான் தரையைப் பார்த்தோம். இந்த வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் இல்லை, ஓட்டுகிறவர் காலடியில், தரைக்குக் கீழே சேஸிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டுமென்றால் கார்பெட்டைத் தூக்க வேண்டும். தூக்கினேன். கீழே ரப்பர் விரிப்பு. அதற்குக் கீழே இன்னொரு கார்பெட். இப்படி யாராவது ஒரு இடத்தை மூன்று அடுக்கு போட்டு மூடினால் காரணம் இருக்கும். அதற்கும் கீழே தார் பூசிய தகரத்தை ரிவெட் அடித்து வைத்திருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடிவரை உள்ளே போய், தரையில் முட்டி நின்றது. வண்டியின் தரையில் அல்ல, வீட்டின் தரையில்.

மச்சினன் குனிந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தான். ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான் மாமா" என்றான்.

கதவுக்கடியில் ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் என்று வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டிய இடமெல்லாம் பட்டியும் தாரும் நம்பிக்கையும்தான். நான் கையை நீட்டி மடக்குவதைப் பார்த்து மயங்கி வாங்கிய வண்டிக்குக் கால் இல்லை.

வெல்டிங் வேலைக்கு எட்டு மாதம் ஆனது. அதில் பெரியவர் சொல்லிக்கொடுத்த ஒன்று மட்டும் இல்லாவிட்டால் முழு வண்டியும் போயிருக்கும். நான் உற்சாகத்தில் சில்லை அறுக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். முதலில் கதவுகளை மூடிச் சந்து எவ்வளவு என்று அளந்து எழுதச் சொன்னார். பிறகு கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டு வைத்தார். சில்தான் நடு உடம்பைத் தாங்குகிறது, அதை முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், புதுத் தகரத்தை அந்தத் தொய்வோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் கதவு மூடாது. ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தில் கை வைத்தார்.

நடுவில் பெட்ரோல் பம்ப் படுத்துக்கொண்டது. கரண்டில் ஓடும் பம்ப். சாவி போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்பரேட்டர் நிறைந்ததும் ஓயும். ஒருநாள் சத்தமே இல்லை. பெரியவர் ஸ்பானரின் பின்பக்கத்தால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். டிக் டிக் டிக். உள்ளே காண்டாக்ட் பாயிண்ட் அழுக்கடைந்தால் இப்படி ஆகும், சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்றார். செய்தேன். ஆனாலும் மைனருக்கு அவ்வப்போது தலையில் ஒரு தட்டு தேவைப்படுகிறது. இந்த ஒரு வேலையை மட்டும் என் மனைவி தானே முன்வந்து செய்துதருகிறாள், மனநிறைவோடு.

முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன்களைப் புதிதாக மாற்றினோம். அதில் கிரீஸ் அடிக்க மறந்தால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும் என்று பெரியவர் பயமுறுத்தியதில், வாரத்துக்கு ஒரு தரம் கிரீஸ் துப்பாக்கியோடு வண்டிக்கடியில் போய்விடுகிறேன். தேவைக்கு மேல் அடிக்கிறேன் என்பது தரையைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு மாதத்தில் ரோட்டில் ஓடும் என்று சொன்ன வண்டி, இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து ரோட்டுக்கு வந்தது. காகிதமெல்லாம் சரிசெய்து, ஒரு ஞாயிறு காலையில் கிளப்பினோம். பக்கத்தில் மனைவி. பின்னால் மச்சினன், பையில் காந்தத்தோடு. முதல் கியரில் சிங்க்ரோ (கியர் பற்களை உரசாமல் சேர்த்துவைக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் வண்டி முழுதாக நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும், அவசரப்பட்டால் கியர்பாக்ஸ் பல்லைக் கடிக்கும். இரண்டு முறை கடித்தது. மற்றபடி ராஜா மாதிரிப் போனது. 948 சி.சி. என்ஜின், அதன் எக்ஸாஸ்ட் சத்தமே தனி. ஓரத்தில் நின்றவர்கள் கையசைத்தார்கள். என் மனைவியும் பதிலுக்குக் கையசைத்தாள், இரண்டு வருடமாக வண்டியைக் கொஞ்சிக்கொண்டிருந்தது தான்தான் என்கிற மாதிரி.

முனை வந்தது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். சுவிட்சை இடப்பக்கம் தட்டினேன். இடது கை வரவில்லை. முந்தைய வளைவில் நீட்டிய வலது கைதான் மடங்காமல் நீண்டபடியே நின்றது. சுவிட்சை அப்படியும் இப்படியும் ஆட்டினேன். பெரியவர் பாணியில் தூணில் ஒரு தட்டுத் தட்டினேன். அசையவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் நான் வலது பக்கம் போகிறேன் என்று நம்பி, பெருந்தன்மையாக வேகத்தைக் குறைத்து வழி விட்டு நின்றார்கள். எதிரே வந்த ஒரு பஸ்கூட நின்றது.

"என்னங்க, எல்லாரும் நமக்காக நிக்கிறாங்க" என்றாள் மனைவி.

வேறு வழி? வலது பக்கமே திரும்பினேன். வீடு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது, மொத்தமும் வலது வளைவுகள்.