கேர்னல் மாறினாலும் திரை கறுக்காமல்: ஜிடி 1030 உடன் என் டெபியன்

மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்தில் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டத்தான் என்விடியாவின் பழைய கிராஃபிக்ஸ் கார்டான ஜிடி 1030 ஒன்றை வாங்கிப் போட்டேன். கணினியில் ஓடுவது டெபியன் 12 என்ற லினக்ஸ்; கார்டை இயக்கும் மென்பொருள் என்விடியாவின் சொந்த ட்ரைவர், டெபியன் களஞ்சியத்திலிருந்தே. கேர்னலுக்கு, அதாவது லினக்ஸின் உட்கருவுக்கு, அப்டேட் வரும்போதெல்லாம் நெஞ்சு படபடக்காமல் இதை ஓட்டலாமா என்று பார்ப்பதுதான் என் வேலை. இப்போதைக்கு ஓடுகிறது.

இன்டெல், ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. அவர்களுடைய ட்ரைவர் கேர்னலோடு சேர்ந்தே வருகிறது. என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல ட்ரைவர் நுவோவும் அப்படித்தான், ஆனால் என் கார்டில் அது மந்தம். என்விடியாவின் மொடியூல், அதாவது கேர்னலுக்குள் ஏறும் ட்ரைவர் துண்டு, வெளியே இருப்பது. புதுக் கேர்னல் ஒவ்வொன்றுக்கும் அதை மறுபடி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பின் திரை கறுத்துவிடலாம். அதைத் தானாகக் கட்டும் கருவி டிகேஎம்எஸ். கட்ட அந்தக் கேர்னலின் ஹெடர்கள், அதாவது அதன் உள் அமைப்பைச் சொல்லும் கோப்புகள், வேண்டும்.

இதில் பலர் வழுக்குவது ஹெடரில். பதிப்பு எண் போட்ட ஹெடர் பொதியை மட்டும் நிறுவினால் அடுத்த கேர்னலுக்கு ஹெடர் தானாக வராது. எண் இல்லாத 'லினக்ஸ் ஹெடர்ஸ் ஏஎம்டி64' பொதி இருந்தால் கேர்னலோடு ஹெடரும் வந்து சேரும். காத்தான்குடியில் இருக்கும் கூட்டாளி ஒருவன், கறுப்புத் திரை என்று யார் கேட்டாலும் முதலில் சொல்வது: "மச்சான், ஹெடர் இருக்கா பார்." பெரும்பாலும் இருக்காது.

ஹெடர் இருந்தும் கவிழ்ந்தது 2024 பெப்ரவரி 10 அன்று வெளியான டெபியன் 12.5. அதோடு வந்த கேர்னல் 6.1.76, அதே 6.1 வரிசைதான், பெரிய தாவல் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் 'பிஎஃப்என் வேலிட்' என்ற சின்ன ஃபங்க்ஷன், கேர்னலின் உள்பூட்டுகளில் ஒன்றான ஆர்சியூ பூட்டைக் கூப்பிடத் தொடங்கியிருந்தது. அந்தப் பூட்டு, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமமுள்ள மொடியூல்களுக்கு மட்டும். என்விடியா மொடியூல் அப்படியல்ல. கட்டுமானம் கடைசியில் வந்து நின்றது, கேர்னல் பொதியும் அரைகுறையாக நிறுவப்பட்டுக் கிடந்தது. கொஞ்ச நாளில் திருத்திய ட்ரைவர் பொதி வந்து சரியானது. டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு உள்ள 'ஸ்டேபிள்' என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ரீபூட் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கேர்னல் அப்டேட் ஆகாதபடி 'ஹோல்ட்' போட்டு நிறுத்திப் பார்த்தேன். நிம்மதிதான், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் வாசலில் நின்றுவிடுகின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

இப்போது கேர்னல் வந்தால் வரட்டும் என்று விடுகிறேன். ரீபூட்டுக்கு முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' ஓட்டி, புதுக் கேர்னலின் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்ட்' என்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் ரீபூட் இல்லை, கட்டுமானப் பதிவான மேக்.லாக் கோப்பைத் திறந்து எங்கே நின்றது என்று வாசிப்பேன். புதுக் கேர்னலில் திரை ஒழுங்காக வரும்வரை பழைய கேர்னல்களை நீக்கிவிடும் 'ஆட்டோரிமூவ்' பக்கமே போவதில்லை. ஏதாவது பிழை வந்தால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கேர்னல் கைகொடுக்கும்.

மாரி காலத்தில் இன்னொன்று. மொடியூல் கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பொதிகள் பாதியில் நிற்கும். பொதிகளை நிறுவும் டிபிகேஜியை 'dpkg --configure -a' என்று ஓட்டினால் பாதியில் நின்றவற்றை முடிக்கும். கல்லடியில் காற்று மழை நாட்களில் யூபிஎஸ் இல்லாமல் நான் அப்டேட்டைத் தொடுவதில்லை.

ட்ரைவர் மட்டும் புதிதாகி ரீபூட் செய்யாமல் இருந்தால் கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா எஸ்எம்ஐ' கட்டளை, பதிப்பு பொருந்தவில்லை என்று முறைக்கும். அதற்கு ரீபூட் போதும், எதையும் அழித்து நிறுவ வேண்டியதில்லை.

அடுத்தது டெபியன் 13: கேர்னல் 6.12, ட்ரைவர் 550. என் கார்டு பாஸ்கல் தலைமுறை. அதைத் தாங்கும் கடைசி ட்ரைவர் வரிசை 580. என்விடியாவின் திறந்த மூல மொடியூல்கள் பாஸ்கலுக்குப் பின் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும், அந்த வழியும் இல்லை. ஆக 13இல் இந்தக் கார்டை வைத்து ஓட்டுவேன். அதன்பின் வாங்கும் கார்டு ஏஎம்டி.