பழைய நிரல், புதிய மொழி

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணா, ரஸ்ட் கத்துக்க எந்தக் கோர்ஸ் நல்லா இருக்கும்?" என்று கேட்டார். பைத்தான் என்ற நிரல் மொழியில் அவரே எழுதி, தலைகீழாகத் தெரிந்த ஒரு சின்ன நிரலை, ரஸ்ட் என்ற அந்தப் புது மொழியில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஒரு மொழி கைவந்தவர், அடுத்த மொழிக்காக 'லூப் என்றால் என்ன' என்று தொடங்கும் வீடியோக்களுக்கு முன் உட்கார வேண்டியதே இல்லை.

என்னிடம் அப்படி ஒரு நிரல் உண்டு. தமிழ் உரைக்கோப்பு ஒன்றைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதிகம் வந்ததை முதலில் காட்டும். சின்னதுதான், ஆனால் கோப்பு, ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), மேப் (சொல்லையும் அதன் எண்ணிக்கையையும் இணைத்து வைக்கும் பட்டியல்), வரிசைப்படுத்துதல், எரர் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. விடை முன்பே தெரியும் என்பதால் கவனம் முழுக்க மொழியின் மீதே இருக்கும்.

கோ மொழியில் எழுதினால், சம எண்ணிக்கையில் வந்த சொற்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் இடம் மாறலாம். பைத்தான் 3.7 முதல் அதன் மேப்பான டிக்‌ஷனரி, சேர்த்த வரிசையைக் காப்பாற்றித் தருகிறது. கோவின் மேப் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை.

ரஸ்டில்தான் விஷயம் சூடுபிடிக்கும். கோப்பைப் படித்து, சொற்களை எண்ணி, மேப்பைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன். பைத்தானில் இதில் யோசிக்க எதுவுமில்லை. ரஸ்டில் அந்த மேப், உரையின் துண்டுகளைக் கடனாக மட்டும் (நகலெடுக்காமல் சுட்டிக்காட்டி) வைத்திருந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் விடாது. எரர் எண் ஈ0515. ஃபங்ஷன் முடிந்ததும் உரை அழிந்துவிடும், அழிந்த உரையை மேப் எப்படிச் சுட்டும் என்பது அதன் கேள்வி. இரண்டு வழிகள் உண்டு: ஒவ்வொரு சொல்லையும் நகலெடுத்துச் சொந்தமாக மேப்பில் வைக்கலாம், அல்லது உரையை வெளியே படித்து ஃபங்ஷனுக்குக் கடனாகக் கொடுக்கலாம். இரண்டையும் எழுதிப் பாருங்கள். ஓனர்ஷிப் (எந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்ற ரஸ்டின் விதி) என்று பக்கம் பக்கமாகப் படிப்பது இந்த ஓரிடத்தில் பிடிபட்டுவிடும். எரர் செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள், உடனே ஏஐயிடம் ஒட்டிவிடாதீர்கள். அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் கம்பைலரே எடுத்துக்காட்டோடு விளக்கும்.

தமிழ் உரையை எடுத்துக்கொள்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் பைத்தானில் 5, ரஸ்டிலும் கோவிலும் 15, ஸ்விஃப்ட் என்ற மொழியில் 3. பைத்தான், யூனிகோட் என்ற எழுத்துத் தரத்தின் குறியீடுகளை எண்ணுகிறது. புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் கணக்கு. ரஸ்டும் கோவும் பைட்டுகளை எண்ணுகின்றன. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஸ்விஃப்ட் மட்டுமே நம்மைப் போல எழுத்தை எண்ணுகிறது. ஆங்கில உரையோடு மட்டும் பழகுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

நிரல் ஓடிவிட்டது என்று மூடிவைக்காதீர்கள். முதலில் எழுதுவது பெரும்பாலும் ரஸ்ட் சட்டை போட்ட பைத்தானாகத்தான் இருக்கும். ரஸ்ட் நிரலைப் பார்த்துத் திருத்தம் சொல்லும் கிளிப்பி என்ற கருவியை ஒருமுறை ஓட்டுங்கள். இண்டெக்ஸ் (வரிசை எண்) வைத்துச் சுற்றிய லூப்பைக் காட்டி, நேரடியாக உறுப்புகள் மீதே சுற்றலாமே என்று சொல்லும். அது சொல்வதை ஒவ்வொன்றாகத் திருத்தி, பழைய விடையே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.