ரொறன்ரோ இலக்கத்தில் மணியடிக்கும் யாழ்ப்பாணத் தொலைபேசி

கனடாவிலிருந்து இணையம் வழியாக வெளிநாட்டுத் தொலைபேசிகளுக்கு அழைப்பு எடுக்க உதவும் செயலிகளின் கட்டணப் பட்டியலைத் திறந்து பார்த்தால், இந்தியாவுக்கு நிமிடத்துக்கு ஓரிரு சதம் என்று போட்டிருக்கும். இலங்கைக்கு அது பல மடங்காக இருக்கும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் நேர்கோட்டில் நானூறு கிலோமீற்றர்கூட வராது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் இதைப் பற்றிக் கதைக்கும்போது செயலி நடத்துபவர்களைத்தான் திட்டுவார்கள். அந்தத் திட்டில் பெரும்பகுதி போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. இன்றைக்கு ஒரு வெளிநாட்டு அழைப்பின் விலையைத் தூரம் தீர்மானிப்பதில்லை. அழைப்பு இணையத்திலிருந்து எந்த இடத்தில் இறங்கித் தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைகிறது, அந்த வாசலில் நின்று யார் காசு வாங்குகிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வழி மலிவு, எது மலிவுபோலத் தோன்றுவது என்று எவரும் தாமாகவே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கோலிங் கார்ட் காலத்தை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கனடாவின் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பில் ரெலிகுளோப் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 1998 ஒக்ரோபர் முதலாம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு தமிழ்க் கடைகளின் காசு மேசைக்குப் பின்னால் வண்ண வண்ணக் கார்ட்டுகள் தொங்கத் தொடங்கின. வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, உள்ளூர் இலக்கம் ஒன்றுக்கு எடுத்து, நீண்ட இரகசிய எண்ணை அழுத்தி, அதன் பிறகுதான் இலங்கைக்குரிய 94இல் தொடங்கும் இலக்கத்தை அழுத்தவேண்டும். கார்ட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் நிமிடங்கள் முழுவதையும் ஒரே அழைப்பில் பேசி முடித்தால்தான் கிடைக்கும். இடையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தால் இணைப்புக் கட்டணம் ஒரு தரம் வெட்டப்படும், அடுத்த கிழமை எடுத்தால் பராமரிப்புக் கட்டணம் என்ற பெயரில் இன்னொரு பங்கு போயிருக்கும். மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்று மேல்நோக்கி முழுமையாக்கிக் கழிக்கும் கார்ட்டுகளும் இருந்தன. இந்த வியாபாரத்தின் உள்வேலைகளை எங்கள் ஆட்கள் நன்றாகவே படித்துக்கொண்டார்கள். 2001இல் லெபாராவை ஆரம்பித்த மூவரும் இலங்கைத் தமிழர். லைக்காமொபைலைத் தொடங்கிய அல்லிராஜா சுபாஸ்கரனும் அப்படியே. ஊருக்கு ஒரு கோல் எடுக்கவேண்டும் என்ற தேவைக்குள் எவ்வளவு பெரிய சந்தை இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அந்தக் கார்ட்டுகளில் எடுத்த அழைப்புகளும் பெரும்பாலும் நடுவழியில் இணையத்தில்தான் பயணித்தன என்பது பலருக்குத் தெரியாது. குரலைச் சிறு பொதிகளாக வெட்டிக் கடலடி வடத்தில் அனுப்புவதற்கு ஆகும் செலவு அப்போதே வெகுவாகக் குறைந்துவிட்டது. கொழும்புக்கு வந்த பிறகு அந்தப் பொதிகளை மறுபடி தொலைபேசி அழைப்பாக்கி, ஸ்ரீலங்கா ரெலிக்கொம் இணைப்புக்கோ கைத்தொலைபேசிக்கோ கொடுக்கும் கட்டம்தான் செலவு பிடிப்பது. அழைப்பு முடிவுறும் நாட்டின் வலையமைப்பு அதற்கென ஒரு தொகையை அறவிடுகிறது. இந்தியாவில் இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிக்கிறது. 2018 பெப்ரவரியில் அதை நிமிடத்துக்கு 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தார்கள், 2020இல் 35 முதல் 65 பைசா வரையான வரம்பாக மாற்றினார்கள். எப்படிப் பார்த்தாலும் அது கனடிய நாணயத்தில் ஒரு சதத்தை ஒட்டிய தொகைதான்.

இலங்கையின் கதை வேறு. வெளிநாட்டு அழைப்பில் ரெலிக்கொம் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிந்து, மறுவருடமே பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நுழைவாயில் உரிமம் வழங்கப்பட்டது. போட்டி வந்தால் விலை விழவேண்டும். ஆனால் 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சர்வதேச அழைப்புகளின் மீது ஒரு தீர்வையைக் கொண்டுவந்தது. அரசாங்கத்தின் பார்வையில் இது டொலராக வரும் வருமானம். கொடுப்பவர் வெளியே இருக்கிறார், அவருக்கு அங்கே வாக்கும் இல்லை. ஊரைவிட்டுப் போனவர்களின் பாசத்தின் மீது போடப்பட்ட வரி என்று இதை நான் சொல்வதுண்டு. மிகைப்படுத்துவதாகச் சொல்பவர்கள் தங்கள் செயலியின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும்.

வாசலில் காசு கூடினால் வேலியில் பொட்டு விழும் என்பதும் எதிர்பார்க்கக்கூடியதே. வெளிநாட்டிலிருந்து எடுத்த அழைப்பு, ஊரில் 077 என்றோ 071 என்றோ தொடங்கும் முன்பின் தெரியாத இலக்கமாகத் தோன்றியதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு பெட்டிக்குள் பல சிம் அட்டைகளைச் செருகி, இணையத்தில் வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் களவு வழி அது. தீர்வையும் கட்டப்படாது, முடிவுறும் கட்டணமும் கட்டப்படாது. சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, பேசுபவருக்கும் அதில் நன்மை இல்லை. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும், நடுவில் அறுந்துபோகும், ஊரில் இருப்பவர் அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். நம்பமுடியாத அளவுக்கு மலிவான இலங்கைக் கட்டணத்தை விளம்பரப்படுத்தும் சேவையைப் பார்த்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

இணையத்திலிருந்து இறங்காமலே பேசி முடித்தால் வாசலும் இல்லை, வாசற்காசும் இல்லை. வைபரும் வட்ஸ்அப்பும் இலவசமாகக் கிடைப்பதன் காரணம் இதுதான். 2003இல் ஸ்கைப் வந்தபோது இரண்டு கணினிகளுக்கு முன்னால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உட்காரவேண்டியிருந்தது. பிறகு கைத்தொலைபேசியில் வைபரும், 2015இல் வட்ஸ்அப்பின் குரல் அழைப்பும் வந்ததோடு அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. கையில் நல்ல கைத்தொலைபேசியும் டேட்டாவும் உள்ள இருவருக்கிடையே இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. அவர்கள் காசு கொடுத்துப் பேசவேண்டியதே இல்லை.

சிக்கல் அந்த இருவரில் ஒருவர் எங்கள் பெரியம்மாவாக இருக்கும்போது வருகிறது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் அவருக்குத் தொடுதிரை பிடிபடவில்லை. விரல் நுனி காய்ந்துபோனதால் பச்சை வட்டத்தை இழுத்தாலும் அது அசையாது. அசைந்தால் கமெரா திறந்து வீட்டுக் கூரை தெரியும். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைத்தொலைபேசி அலுமாரியில் துவாய்க்குள் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. மணியடித்தால் எடுத்து “ஆர் கதைக்கிறது?” என்று கேட்கக்கூடிய தொலைபேசிதான் அவருக்குத் தொலைபேசி. அவருக்காக நான் செய்துகொண்ட ஏற்பாட்டை விவரமாக எழுதும்படி சிலர் கேட்டிருந்தார்கள்.

ஏ.ரி.ஏ. என்று அழைக்கப்படும் சிறிய பெட்டி ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் றவுட்டரிலிருந்து வரும் வயரைச் செருகவேண்டும். மறு பக்கத்தில் சாதாரணத் தொலைபேசியின் வயரைச் செருகவேண்டும். கனடாவில் இணையத் தொலைபேசிச் சேவை நடத்தும் நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்து, 416 அல்லது 647இல் தொடங்கும் ரொறன்ரோ இலக்கம் ஒன்றை மாதம் ஓரிரு டொலருக்கு வாடகைக்கு எடுக்கலாம். கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெட்டிக்குள் பதிந்துவிட்டால், அந்தப் பெட்டி உலகில் எங்கே இணையத்தில் செருகப்பட்டிருக்கிறதோ அங்கேதான் அந்த ரொறன்ரோ இலக்கம் மணியடிக்கும். நான் அதை ஸ்காபரோவில் வைத்தே எல்லாம் சரிபார்த்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு இருந்ததால் செருகுவதைத் தவிர அங்கே வேறு வேலை இருக்கவில்லை.

இப்போது பிரம்டனில் இருக்கும் மருமகளும் மொன்றியலில் இருக்கும் மச்சானும் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து ஓர் உள்நாட்டு இலக்கத்துக்குத்தான் எடுக்கிறார்கள். கனடா முழுவதற்கும் பேசும் வசதி அவர்களுடைய மாதத் திட்டத்திலேயே இருப்பதால் அவர்களுக்கு மேலதிகச் செலவு கிடையாது. இலண்டனில் இருக்கும் உறவினருக்காக 020இல் தொடங்கும் இன்னோர் இலக்கத்தையும் அதே கணக்கில் சேர்த்து, அதே பெட்டிக்குத் திருப்பிவிட்டேன். பெரியம்மா எங்களுக்கு எடுக்கும்போது அது கனடாவுக்குள் எடுத்த அழைப்பாகக் கணக்கிடப்பட்டு நிமிடத்துக்கு ஒரு சதத்தை ஒட்டிய தொகை கழிகிறது. அழைப்பு இலங்கையின் தொலைபேசி வலையமைப்புக்குள் எந்த இடத்திலும் நுழைவதில்லை. ரெலிக்கொமின் இணைய வயரில் போகும் மின்னஞ்சலையும் படத்தையும் போல இதுவும் வெறும் டேட்டா.

எவ்வளவு டேட்டா என்று பலரும் கேட்பார்கள். பழைய தொலைபேசியின் தரத்தை அப்படியே தரும் ஜி.711 முறையில் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிற்றாக எழுதப்படுகிறது. 20 மில்லி நொடிக்கு ஒரு பொதி என்று வெட்டினால் ஒவ்வொரு பொதியிலும் 160 பைற் குரலும், விலாசம் முதலிய விபரங்களுக்காக 40 பைற்றும் இருக்கும். ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிற் வருகிறது, ஒரு மணித்தியாலம் பேசினால் போக வர ஏறக்குறைய 72 மெகாபைற். ஜி.729 என்ற சுருக்கும் முறையில் குரல் வெறும் 20 பைற்றாகிவிடும், விலாசமோ அதே 40 பைற்றாக நிற்கும். கடிதத்தைவிடக் கடித உறை இரு மடங்கு கனம். ஃபைபர் உள்ள வீட்டில் ஜி.711ஐயே வைத்திருங்கள். காது மந்தமானவர்களுக்குச் சுருக்கிய குரல் விளங்குவது கடினம்.

வேகத்தைவிடத் தாமதத்தைத்தான் கவனிக்கவேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கண்ணாடி இழையில் ஒளி போய்ச் சேரவே அந்தக் கணக்கில் பாதி செலவாகிவிடும். வடங்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதையும் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். அதனால்தான் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, “நீ சொல்லு” என்று மாறி மாறிச் சொல்லவேண்டிவருகிறது. மற்றவர் முடிக்கும்வரை பொறுத்துப் பேசுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. “பிள்ளை, நான் சொல்லுறது எனக்கே திரும்பக் கேக்குது” என்ற முறைப்பாட்டுக்கு மருந்து உண்டு. அது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் வரும் எதிரொலி.

மணியடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் சத்தம் கேட்கவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். றவுட்டரின் உள்ளமைப்பில் சிப் ஏ.எல்.ஜி. (SIP ALG) என்ற தெரிவு இருக்கும். உதவி செய்வதற்காக வைக்கப்பட்ட அது பொதிகளின் விலாசத்தைத் திருத்துகிறேன் என்று குழப்பிவிடும். அதை நிறுத்தினால் அநேகமாகச் சரியாகிவிடும். அடுத்தது கனடாவின் அவசர உதவி இலக்கமான 911. ரொறன்ரோ இலக்கத்திலிருந்து அதை அழுத்தினால் கணக்கில் பதிந்துள்ள கனடிய விலாசத்துக்குத்தான் வண்டி போகும் என்பதால், அந்தச் சேவையை இந்த இணைப்புக்கு நிறுத்திவைத்து, ஊரின் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அடுத்திருக்கும் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தேன்.

நான் எதிர்பாராத தொல்லை ஒன்றும் வந்தது. கனடிய இலக்கம் என்றால் விற்பனை அழைப்பும் வரும். குளிரூட்டும் குழாய் துப்புரவாக்குபவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு ரொறன்ரோ இலக்கங்களைச் சுழற்றும்போது கோண்டாவிலில் கோடைகாலக் கணக்கில் இரவு பதினொன்றரை. நடுச்சாமத்தில் மணியடித்தால் அங்கே யாருக்கு என்ன நடந்ததோ என்று நெஞ்சு பதறும். சேவைக் கணக்கில் அனுமதித்த இலக்கங்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு, அதில் இல்லாதவர்களைக் குரல் அஞ்சலுக்கு அனுப்பிவிட்டேன்.

மின்வெட்டு வந்தால் பெட்டியும் றவுட்டரும் சேர்ந்து செத்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களை நினைத்து, றவுட்டருக்கென விற்கும் சிறிய பற்றரிப் பெட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்கினேன். அது சில மணித்தியாலம் தாங்கும். செயலிகளை மட்டும் நம்பியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் வைபரையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத் துடித்த நேரத்தில்தான் அந்தக் கதவு மூடப்பட்டது.

ஆகவே தொலைபேசி வலையமைப்புக்குள் இறங்கும் வழி ஒன்றையும் கையில் வைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் வாசற்காசைக் கொடுத்தே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்துக்கோ எடுப்பதற்கும் அதுதான் வழி. அப்படிக் காசு போட்டு வைக்கும் சேவையைத் தெரிவுசெய்யும்போது நான் பார்ப்பவை சில: 021 இலக்கத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் கட்டணம் வேறுபடுகிறதா, நொடிக் கணக்கா முழு நிமிடக் கணக்கா, மாதக்கணக்கில் பயன்படுத்தாவிட்டால் மீதித் தொகை காலாவதியாகுமா. கடைசிக் கேள்விக்கு விடை பெரும்பாலும் நிபந்தனைகளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் என்பதால், பத்து டொலருக்கு மேல் நான் ஒருபோதும் போட்டுவைப்பதில்லை.