நழுவும் பேடிலுக்கு ஒரு முட்டு

3 ஆகஸ்ட் 2024, சனி

பினாங்கின் தெலுக் பகாங் கடற்கரையில் அமெச்சூர் வானொலியோடு உட்கார்ந்து, தூண்டில் கழியில் கட்டிய ஐந்து மீட்டர் கம்பியை ஆண்டெனாவாக நிறுத்தி, 5 வாட் திறனில் 14.060 மெகாஹெர்ட்ஸில் மாலை முழுவதும் மோர்ஸ் குறியீட்டில் அழைத்தேன். ஆண்டெனாவின் மீது எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும், புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் தள்ளி அனுப்பும் மோர்ஸ் பேடிலில் இருந்தது. வீட்டு மேசையிலுள்ள பேடிலின் அடித்தளம் ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ளதால் அசையாது. பைக்குள் எடுத்துச் செல்லும் இந்தச் சிறு பேடிலோ, கட்டைவிரல் புள்ளிக்கும் ஆள்காட்டி விரல் கோட்டுக்கும் தள்ளும் ஒவ்வொரு முறையும் மடக்கு மேசையின் மீது ஊர்ந்து போகிறது. இரு விரல்களும் சேர்ந்து அழுத்தும்போது இரண்டு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் நிற்கிறது. ஒற்றை விரல் தள்ளும்போதுதான் ஓட்டம்.

என் அழைப்புக்குறி தொடங்கும் 9 என்ற எண்ணுக்கு நான்கு கோடுகளும் ஒரு புள்ளியும் வேண்டும். மூன்றாம் கோட்டுக்குப் பின் பேடில் விலகித் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனதில், அது 'ஓ', 'என்' என்ற இரண்டு எழுத்துகளாகப் பிளந்தது. 'ஓ.என்.' பெல்ஜியத்து அழைப்புக்குறிகளுக்குரிய முன்னெழுத்து. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பெல்ஜியத்துக்காரனாக அறியப்படுவதில் எனக்கு விருப்பமில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஜார்ஜ்டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நான்கு நியோடிமியம் காந்தங்கள் வாங்கிப் பேடிலின் அடியில் பசைத்துப்பாக்கியால் ஒட்டினேன். வானொலிப் பெட்டியின் உறை அலுமினியம் என்பதால் அங்கே ஒட்டவில்லை. அம்மாவின் எவர்சில்வர் தட்டிலும் ஒட்டவில்லை. எவர்சில்வரில் எல்லா வகையும் காந்தத்தைப் பிடிப்பதில்லை என்பது சமையலறையிலேயே தெரிந்துவிட்டது. கடைசியில் பிஸ்கட் டின் மூடிதான் உதவியது. தட்டுக்கு எப்போது ஆபத்து நீங்கும் என்று அம்மா கேட்டார்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினாலும் விழாத பேடில், மூடியின் மீது பக்கவாட்டில் வழுக்கத்தான் செய்கிறது. இதைவிடப் பெரிய சங்கடம், வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை இளகி இரண்டு காந்தங்கள் கழன்றதுதான். 80 டிகிரி செல்சியஸ் அளவில் சாதாரண நியோடிமியம் காந்தமே நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும். ஆனால் என் பசை அதற்கு வெகு முன்னரே கைவிட்டது.

17 ஆகஸ்ட், சனி

பக்கத்து வீட்டில், பட்டர்வொர்த்தில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனிடம் காட்டினேன். அவர் பேடிலை ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, "காந்தம் தூக்கவிடாது தம்பி, தள்ளவிடும். முட்டுக் கொடு" என்றார். பிடிமானத்தைக் கூட்டுவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, விசை எந்தத் திசையில் வருகிறது என்ற எளிய கேள்வி தோன்றவே இல்லை. காந்தத்தின் இழுவிசை செங்குத்தாகவே முழுமையாக வேலை செய்கிறது. பக்கவாட்டில் தடுப்பது உராய்வு மட்டுமே, அது அந்த இழுவிசையில் சிறு பங்கு.

ஆகவே காந்தங்களை விட்டுவிட்டேன். மெல்லிய மரப் பலகையில் இரண்டு எம்3 (3 மி.மீ. தடிமன்) திருகுகளை அடியிலிருந்து ஏற்றி, பேடிலின் அடித்தளத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளுக்குள் நுழையவிட்டு, மேலே நட்டுகளால் இறுக்கினேன். இடையில் பழைய சைக்கிள் டியூபின் ஒரு துண்டை வைத்ததால் அதிர்வு குறைந்தது. விறைப்பான கேபிள் பேடிலை இழுக்காதபடி, பலகையின் ஓரத்தில் அதையும் கட்டினேன்.

பலகை முக்கால் சாண் நீளம் இருப்பதற்குக் காரணம் உள்ளது: உள்ளங்கையின் அடிப்பகுதி அதே பலகையில் படுத்திருந்தால், விரல் தள்ளும் விசையைக் கையே எதிர்ப்புறத்தில் தாங்குகிறது, பலகை எங்கும் போக வேண்டியதில்லை. மேசையையே நம்பாமல், ஒரு பட்டையால் பலகையைத் தொடையோடு கட்டிக்கொள்ளலாம்.

31 ஆகஸ்ட், சனி

மலேசியச் சுதந்திர தின விடுமுறை. மீண்டும் தெலுக் பகாங். நாற்காலியில் உட்கார்ந்து பலகையைத் தொடையில் கட்டி, நிமிடத்துக்கு 20 சொற்கள் என்ற வேகத்தில் அழைத்தேன். அந்த வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிநொடிதான், அரை மில்லிமீட்டர் நழுவல்கூட எழுத்தைக் கெடுத்துவிடும். 9 முழுதாகப் போனது. ஜப்பானிலிருந்து ஒருவர் முதல் அழைப்பிலேயே என் குறியைச் சரியாகத் திருப்பி அனுப்பினார். இருட்டியபோது தொடையில் பட்டையின் தடம் பதிந்திருந்தது. அடுத்த முறை அதன் கீழே ஒரு துணி வைக்க வேண்டும்.